ஆனாலும்

அம்மா பணி ஓய்வு பெற்ற நாளன்று அவருடைய அலுவலகத்தில் ஒரு பாராட்டுக் கூட்டம் வைத்தார்கள். சால்வை, மாலை, எல்லோரும் பங்கு போட்டு வாங்கிய குத்துவிளக்கு, காகிதத் தட்டில் ஜாங்கிரியும் மிக்சரும். பேச எழுந்த மூத்த அதிகாரி ஒருவர் அம்மாவைப் பற்றி நல்லதாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். எந்தக் கோப்பு எந்த அலமாரியில் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார், தணிக்கைக்கு வருகிறவர்களே இவரிடம் கேட்டுத்தான் எழுதுவார்கள் என்றெல்லாம். பிறகு, "கணவர் இறந்ததால் கருணை அடிப்படையில் வேலைக்கு வந்தவர். ஆனாலும் முப்பத்தோரு வருடம் ஒரு குறை சொல்ல முடியாதபடி வேலை பார்த்தார்" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். அம்மாவும் தலையசைத்துப் புன்னகைத்தார். எனக்கு மட்டும் அந்த 'ஆனாலும்' தொண்டையில் மீன்முள்ளாக நின்றுவிட்டது.

வீட்டுக்கு வந்த பிறகும் அது இறங்கவில்லை. அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை என்பது தெரியும். அதனால்தான் இன்னும் உறுத்தியது. தேர்வு எழுதி வந்தவர் ஒழுங்காக வேலை பார்த்தால் அதை யாரும் மேடையில் சொல்வதில்லை. கணவனைச் சுடுகாட்டுக்கு அனுப்பிவிட்டு வந்தவர் ஒழுங்காக வேலை பார்த்தால் மட்டும் அதற்கு முன்னால் ஒரு 'ஆனாலும்' வந்து உட்கார்ந்துகொள்கிறது. முப்பத்தோரு வருடத்திலும் அந்தச் சொல்லைக் கழற்றிப் போட முடியவில்லையென்றால் எத்தனை வருடம் தேவைப்படும்? அம்மாவிடம் இதைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. கேட்டால், அவர் கவனிக்காமல் விட்ட ஒரு காயத்தை நானே காட்டிக்கொடுத்ததாக ஆகிவிடுமோ என்று பயந்தேன்.

அந்த வாரங்களில்தான் ஜோவானா பிரேடி என் கைக்கு வந்தாள். அரிசோனாவில் சில வருடங்கள் இருந்துவிட்டு ஊர் திரும்பிய தோழி ஒருத்தி, வைக்க இடமில்லை என்று ஒரு பெட்டி நிறையப் புத்தகங்களை என் வீட்டில் இறக்கிவிட்டுப் போனாள். பாதிக்கு மேல் ஜே.ஏ. ஜான்ஸ் எழுதிய துப்பறியும் நாவல்கள். அமெரிக்காவின் தென்மேற்கே, மெக்சிகோ எல்லையை ஒட்டிய கோச்சீஸ் கவுன்ட்டியில், நம் ஊர்க் கணக்கில் ஒரு மாவட்டத்தில், ஷெரீஃபாக, அதாவது காவல் தலைவராக இருக்கும் ஜோவானா என்ற பெண்ணின் கதைகள். முதல் நாவல் 1993-இல் வந்தது. ஒவ்வொரு நாவலிலும் யார் செத்தார், யார் கொன்றார் என்று இங்கே சொல்லப் போவதில்லை. என்னைப் பிடித்து உட்கார வைத்தது அந்தத் தொடர் தொடங்கும் விதம்.

ஜோவானா காவல்துறையைச் சேர்ந்தவள் அல்ல. காப்பீட்டு முகவர் அலுவலகம் ஒன்றில் வேலை பார்க்கிறாள். அவள் கணவன் ஆண்டி, துணை ஷெரீஃப். ஷெரீஃப் பதவிக்கான தேர்தலில் நிற்கிறான். பத்தாவது திருமண நாளன்று அவன் வீடு திரும்பவில்லை. தேடிப் போகிறவள், வீட்டுக்கு வரும் வழியில் காய்ந்த ஓடை மணலில் குண்டுபட்டுக் கிடப்பவனைக் கண்டுபிடிக்கிறாள். உயிர் போவது போதாதென்று, தானே சுட்டுக்கொண்டான், போதைப்பொருள் கடத்தலில் அவனுக்கும் பங்கு உண்டு என்று பழியும் வருகிறது. அந்தப் பழியைத் துடைக்க இறங்குகிறவளை, அவன் இடத்தில் நீயே நில் என்று ஊர் கேட்கிறது. நிற்கிறாள், ஜெயிக்கிறாள். ஒன்பது வயதில் ஜென்னி என்று ஒரு மகள். ஜோவானாவுக்கே இன்னும் முப்பது ஆகவில்லை.

அந்த இடத்தில் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். இது வாரிசு வேலை அல்லாமல் வேறென்ன? நம் ஊரில் அரசாணை கொடுப்பதை அங்கே வாக்குச்சீட்டு கொடுத்திருக்கிறது. அம்மா வேலையில் சேர்ந்தபோது அவருக்கு வயது இருபத்தொன்பது. எனக்கு ஏழு.

தகுதி என்பது எது?

நம் ஊர்க் காவல் அதிகாரியை மனத்தில் வைத்துக்கொண்டு ஷெரீஃபைப் புரிந்துகொள்ள முடியாது. அவரை இடமாற்றம் செய்ய மேலே ஓர் அதிகாரி கிடையாது. அரிசோனாவில் நான்கு வருடத்துக்கு ஒருமுறை மக்களே வாக்களித்து உட்கார வைக்கிறார்கள், அவர்களே எழுப்பியும் விடுகிறார்கள். ரோந்து, கொலை விசாரணை, கவுன்ட்டிச் சிறை, அந்தச் சிறையின் சமையல்கட்டு வரை அவர் பொறுப்பு. கோச்சீஸ் கவுன்ட்டியின் பரப்பு ஏறத்தாழ 16,000 சதுர கிலோமீட்டர், அதாவது தமிழ்நாட்டில் எட்டில் ஒரு பங்கு. அதில் வாழ்பவர்கள் ஒன்றேகால் லட்சம் பேர்தான். இந்த நாவல்களில் பாதிப் பதற்றம் தூரத்திலிருந்து வருகிறது. தனித்த பண்ணை வீட்டிலிருந்து யாரோ உதவி கேட்டு அழைக்கிறார்கள், கார் கிளம்பிவிட்டது, ஆனால் சாலை முடிந்தபாடில்லை.

இப்படிப்பட்ட பதவிக்குக் காப்பீட்டு அலுவலகத்துப் பெண்ணா என்று நாவலுக்குள்ளேயே பலர் முகம் சுளிக்கிறார்கள். எனக்கு அப்போது அந்த ஊரின் உண்மை வரலாறு நினைவுக்கு வந்தது. கவுன்ட்டியின் தலைநகரான பிஸ்பீ, செப்புச் சுரங்கத்தால் பிறந்த மலையூர். 1917-இல் அங்கே சுரங்கத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஜூலை 12 அதிகாலையில் ஷெரீஃப் ஹாரி வீலர், ஏறத்தாழ இரண்டாயிரம் பேரைத் தற்காலிகக் காவலர்களாக்கி, கையில் வெள்ளைத் துணி கட்டி, துப்பாக்கியோடு வீடு வீடாக அனுப்பினார். சுமார் 1,200 பேரை இழுத்து வந்து, மாடுகள் ஏற்றும் ரயில் பெட்டிகளில் அடைத்து, பக்கத்து மாநிலமான நியூ மெக்சிகோவின் பாலைவெளியில் கொண்டுபோய் இறக்கிவிட்டார்கள். மெக்சிகோவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் பிழைக்க வந்தவர்கள் அவர்களில் ஏராளம். இதற்காகத் தண்டனை பெற்றவர் ஒருவர்கூட இல்லை. வீலர் அனுதாப வாக்கில் வந்தவர் அல்லர். அரிசோனா ரேஞ்சர்ஸ் படையின் கேப்டனாக இருந்தவர், குறி தவறாதவர் என்று பெயர் எடுத்தவர், அந்தப் பதவிக்கு வேண்டிய எல்லாத் தகுதியும் படைத்தவர். அவருடைய தகுதியைப் பற்றி யாரும் ஓர் 'ஆனாலும்' போட்டிருக்க மாட்டார்கள். இதை நினைத்தபோது என் கோபத்துக்கு ஒரு பிடி கிடைத்தது போலிருந்தது.

ஜான்ஸின் வாழ்க்கையைத் தெரிந்துகொண்டபோது அந்தப் பிடி இன்னும் இறுகியது. 1944-இல் பிறந்து, பிஸ்பீயில் வளர்ந்தவர் அவர். அரிசோனா பல்கலைக்கழகத்தில் 1964-இல் படைப்பெழுத்து வகுப்பில் சேரப் போனபோது, பெண் என்பதற்காகவே இடம் மறுத்தார் பேராசிரியர். பின்னாளில் அவருக்குக் கணவரான ஆணுக்கு அதே வகுப்பில் இடம் கிடைத்தது. அந்த மனிதரின் எழுத்து ஒன்றும் அச்சேறவில்லை. குடியால் உடல் கெட்டு நாற்பத்திரண்டு வயதில் இறந்துபோனார். ஜான்ஸோ, ஆயுள் காப்பீடு விற்றுப் பிள்ளைகளை வளர்த்துக்கொண்டே, அதிகாலை நான்கு மணிக்கு எழுந்து ஏழு மணி வரை எழுதினார். 1985-இல் வந்த முதல் நாவலுக்கு ஆண் துப்பறிவாளன் நாயகன். எழுதியவர் பெண் என்று தெரிந்தால் விற்காது என்று ஜூடித் ஆன் என்ற பெயர், ஜே.ஏ. என்ற இரண்டு எழுத்துகளாகச் சுருங்கியது. இவர் உருவாக்கிய பெண் ஷெரீஃப் காப்பீட்டு அலுவலகத்திலிருந்து வருவதை நான் தற்செயலாக எடுத்துக்கொள்ளவில்லை.

பாலை

இந்த இடத்தில் அந்த நிலத்தைப் பற்றிச் சொல்லாமல் நகர எனக்கு மனம் இல்லை. பாலைவனம் என்றதும் மணல்மேடும் ஒட்டகமும் நினைவுக்கு வருவது நம் பழக்கம். கோச்சீஸ் கவுன்ட்டி அப்படியல்ல. சொனோரன் பாலையும் சிவாவாப் பாலையும் சந்திக்கும் இடம் அது. செந்நிற மலைகள், நடுவே அகன்ற புல்வெளிப் பள்ளத்தாக்குகள், எங்கு பார்த்தாலும் முள்மரம். அந்த முள்மரத்தின் பெயர் மெஸ்கீட். நம் கண்மாய்களையும் கரிசல்களையும் வளைத்துப் பிடித்திருக்கும் சீமைக்கருவேலத்துக்கு அது மிக நெருங்கிய உறவு. நாம் வெட்டி வெட்டிச் சலித்த சாதி, அங்கே பிறந்த மண்ணில் நிழலாகவும் விறகாகவும் ஓடைக்கரையாகவும் நிற்கிறது. கோடையில் மெக்சிகோ பக்கமிருந்து வந்து ஜூலையில் அடித்துப் பெய்யும் மழையை அங்கும் மான்சூன் என்றுதான் சொல்கிறார்கள். வருடம் முழுதும் வெறும் மணலாகக் கிடக்கும் ஓடை, மலையில் எங்கோ பெய்த மழைக்கு அரை மணி நேரத்தில் காரை உருட்டிக்கொண்டு போகும். நம் காட்டாறுகளைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பக்கங்கள் சட்டென்று புரியும்.

வெயில் இந்த நாவல்களில் ஓர் ஆள். ஒரு நாவலில், பெண்ணொருத்தி தன் டிரெய்லர் வீட்டில் சுடப்பட்டுச் செத்துக் கிடக்கிறாள். அவள் வளர்த்த பதினேழு நாய்களும் அதே வீட்டுக்குள் செத்துக் கிடக்கின்றன. நாய்களை யாரும் சுடவில்லை. திறந்துவிட ஆளில்லை, வெயில் கொன்றது. நிதி இல்லை என்று விலங்குக் கட்டுப்பாட்டுப் பிரிவையும் ஷெரீஃப் அலுவலகத்தின் தலையில் கட்டியிருப்பதால், மனிதப் பிணத்தோடு அந்த நாய்களும் ஜோவானாவின் பொறுப்பாகின்றன. வரவுசெலவுத் திட்டத்தில் விழுந்த ஒரு வெட்டு, ஒரு கொலை, ஒரு வெப்பநிலை ஆகிய மூன்றையும் ஒரே அறைக்குள் கொண்டுவந்து வைக்கத் தெரிந்த எழுத்து இது. துப்பறியும் கதைகளில் வரும் அதிகாரிகளுக்குப் பெரும்பாலும் அலுவலகமே இருப்பதில்லை, நேரே பிணத்துக்குப் போய்விடுகிறார்கள். ஜோவானாவுக்கு மேசை நிறையத் தாள்கள் காத்திருக்கின்றன. அதுதான் எனக்குப் பிடித்தது. அம்மா இரவில் சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்துவிட்டு, கூடத்தில் உட்கார்ந்து, தன்னிடம் வந்த கோப்புகளைக் குறித்து வைக்கும் தன்பதிவேட்டை எழுதி முடித்த நாட்களைப் பார்த்து வளர்ந்தவள் நான்.

நம் இலக்கணத்தில் பாலைக்கு உரியது பிரிவு. பொருள் தேடிப் போகிறவன் கடக்கும் வழி அது, வீட்டில் இருப்பவள் காத்திருக்கிறாள். ஜோவானா அந்தக் கட்டத்தை மீறுகிறாள். போனவன் வரமாட்டான் என்று தெரிந்தபின் அவள் அந்த நிலத்துக்குள் தானே இறங்கி நடக்கிறாள்.

குறைகள் இல்லாமல் இல்லை. யார் கொலைகாரன் என்ற புதிருக்காகப் படிப்பவர்கள் ஏமாறுவார்கள். முதல் நாவலிலேயே கொலைகாரனின் பக்கத்தையும், அவனிடமிருந்து தப்பி ஓடும் பெண்ணின் பக்கத்தையும் மாறி மாறிக் காட்டிவிடுகிறார். சில நாவல்களில் தற்செயல் மிக அதிகம். எல்லை தாண்டி வருகிறவர்களைப் பெரும்பாலும் ஷெரீஃப் அலுவலகத்துச் சன்னல் வழியாகவே பார்க்கிறோம். முள்வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பாலை எப்படித் தெரியும் என்பதற்கு வேறு எழுத்தாளர்களைத்தான் தேட வேண்டும்.

சுடு, சுடாதே

மூன்றாவது நாவலுக்கு வந்தபோதுதான் நான் இதுவரை நினைத்துக்கொண்டிருந்தது ஆட்டம் கண்டது. 1995-இல் வந்த அந்த நாவலின் தலைப்பு 'சுடு, சுடாதே' என்ற பொருள் தருவது. காவலர் பயிற்சியில் வரும் ஒரு பாடம் அது. எதிரே ஒரு காட்சி ஓடும், ஒரு மனிதன் சட்டென்று கையை உயர்த்துவான். அந்தக் கையில் இருப்பது துப்பாக்கியா, வேறு ஏதாவதா என்று கண் இமைக்கும் நேரத்தில் முடிவு செய்ய வேண்டும். தவறு இரண்டு பக்கமும் உண்டு. சுட்டாலும் கொலை, சுடாவிட்டாலும் கொலை.

ஜோவானா அப்போதே ஷெரீஃப். தேர்தல் முடிந்துவிட்டது, பதவிப் பிரமாணமும் ஆயிற்று. அவள் நாற்காலியை யாரும் பிடுங்கப் போவதில்லை. அந்த நிலையில் அவள் ஃபீனிக்ஸ் நகரத்துக்குப் பக்கத்தில் பியோரியாவில் இருக்கும் காவலர் பயிற்சிப் பள்ளிக்குப் போய்ச் சேருகிறாள். தனக்குக் கீழே வேலை பார்க்கும் தகுதியில் இருக்கும் புதியவர்களோடு ஒரே வகுப்பில் உட்காருகிறாள். பெண்கள் இந்த வேலைக்கு வருவதையே விரும்பாத ஒரு பயிற்சியாளரின் பேச்சையும் பொறுத்துக்கொள்கிறாள். மகளை ஆண்டியின் பெற்றோரிடம் விட்டுவிட்டு, விடுதி அறையில் தங்கிப் படிக்கிறாள். 'ஆனாலும்' என்ற சொல்லை ஊரார் சொல்வதற்கு முன்பே தனக்குத் தானே சொல்லிக்கொண்டவளுடைய நடத்தை அது. எனக்கு இந்தப் பதவி கிடைத்துவிட்டது, ஆனாலும் எனக்கு இந்த வேலை இன்னும் தெரியாது.

நான் அதுவரை அந்தச் சொல்லை வெளியிலிருந்து எறியப்பட்ட கல்லாகத்தான் பார்த்திருந்தேன். அதை உள்ளேயிருந்து ஒருத்தி தானே எடுத்து, முன்னால் வைத்துக்கொண்டு, அதைப் பார்த்தபடி படிக்க முடியும் என்று எனக்குத் தோன்றியதில்லை.

அப்போதுதான் பவானிசாகர் நினைவுக்கு வந்தது. அரசுப் பணியில் புதிதாகச் சேரும் இளநிலை உதவியாளர்களுக்கு அங்கே அடிப்படைப் பயிற்சி கொடுப்பார்கள். அம்மா வேலையில் சேர்ந்த பிறகு அங்கே போய்ச் சில வாரங்கள் தங்கியிருந்தார். நான் அப்பத்தாவிடம் இருந்தேன். எனக்கு அந்தக் காலத்தைப் பற்றி இரண்டே ஞாபகம். அம்மா இல்லாத வீட்டில் அப்பத்தா எனக்கு இறுக்கமாகப் பின்னிவிட்ட சடை, அம்மா திரும்பி வந்தபோது பெட்டிக்குள் இருந்த நீல அட்டை நோட்டு. அந்த நோட்டில் வரி வரியாகக் கோடு போட்டு, குறிப்பு எழுதுவது எப்படி, தபாலைப் பதிவது எப்படி என்று எழுதியிருந்தார். பள்ளிக்கூடத்தில் என் நோட்டைவிட அது சுத்தமாக இருந்ததைப் பார்த்து எனக்குக் கோபம் வந்தது. என்னை விட்டுவிட்டுப் போய் இதைத்தான் செய்துகொண்டிருந்தாயா என்று கேட்டு அழுதேன்.

அம்மாவுக்கு ஆங்கில நாவல் படிக்கும் பழக்கம் இல்லை. ஆகவே ஞாயிற்றுக்கிழமைகளில் ஊருக்குப் போகும்போது ஜோவானாவின் கதையை நானே சொல்ல ஆரம்பித்தேன். முதல் நாவல் முடிந்தபோது அம்மா ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாவதைச் சொன்ன அன்று திண்ணையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். ஜோவானா பயிற்சிக்குப் போன இடம் வந்ததும் கை நின்றது.

"பிள்ளையை யார் பார்த்துக்கொண்டார்கள்?"

"கணவனின் அம்மாவும் அப்பாவும்."

"சரி" என்று சொல்லி மறுபடி உருவ ஆரம்பித்தார். அது தெரிந்த பிறகுதான் அவரால் கதையைக் கேட்க முடிந்தது.

அன்றுதான் கேட்டேன். ஓய்வு பெற்ற நாளில் அவர் அப்படிச் சொன்னாரே, உங்களுக்கு ஒன்றும் தோன்றவில்லையா என்று. அம்மாவுக்கு அந்த வாக்கியம் நன்றாக நினைவிருந்தது. நான் பயந்தது போல அவர் அதைக் கவனிக்காமல் விட்டிருக்கவில்லை.

"அவர் சொன்னதில் பொய் என்ன இருக்கிறது? உன் அப்பா இருந்திருந்தால் நான் அந்தப் பக்கமே போயிருக்க மாட்டேன். முதல் சம்பளக் கவரைக் கையில் வாங்கியபோது, இது அவர் செத்துக் கிடைத்த பணம் என்றுதான் தோன்றியது. அப்பத்தாவிடம் கொடுத்தேன், அவர்களும் தொடவில்லை. சாமி படத்துக்கு முன்னால் மூன்று நாள் கிடந்தது. நான்காம் நாள் உனக்குப் பள்ளிக்கூடத்துக்குப் பணம் கட்ட வேண்டியிருந்தது, எடுத்துக்கொண்டு போனேன்."

எனக்குப் பேச்சு வரவில்லை. நான் ஒரு அதிகாரியின் வாயிலிருந்து வந்த ஒரு சொல்லோடு இத்தனை வாரம் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். அம்மா மல்லுக்கட்டியது அந்தக் கவரோடு. ஜோவானாவுக்கும் அப்படித்தான் என்று அடுத்தடுத்த நாவல்களைப் படித்தபோது புரிந்தது. சில வருடங்கள் கழித்து புட்ச் டிக்சன் என்ற நல்ல மனிதனை மறுமணம் செய்துகொள்கிறாள், வீடு நிறைகிறது, ஆனால் ஆண்டி செத்ததால்தான் தான் அங்கே உட்கார்ந்திருக்கிறாள் என்ற உண்மை கூடவே வருகிறது. அவள் நல்ல ஷெரீஃப் என்பது அதை அழிப்பதில்லை. அவன் செத்தான் என்பதும் அவள் நல்ல ஷெரீஃப் என்பதைக் குறைப்பதில்லை. ஜான்ஸ் இரண்டையும் ஒன்றோடொன்று சமாதானம் செய்து வைக்காமல் விட்டிருப்பதற்காக நான் அவருக்கு நன்றி சொல்வேன்.

அம்மா கீரைக் காம்புகளை ஒரு பக்கம் ஒதுக்கினார்.

"அவள் மறுபடி தேர்தலில் நின்றாளா?"

"நின்றாள். அப்போது வயிற்றில் பிள்ளை வேறு."

"ஜெயித்தாளா?"

"ஜெயித்தாள்."

"இரண்டாவது தடவை யார் பெயரைச் சொல்லி வாக்குக் கேட்டாள்?"

"அவள் பெயரைச் சொல்லித்தான்."

அம்மா முறத்தைத் தட்டிவிட்டு, கீரையை அள்ளிக்கொண்டு உள்ளே போனார்.